புரையும் இருக்கிறது, ரெட்டினாவில் நீரும் கோத்திருக்கிறது: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி:

"உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 69 வயது, சர்க்கரை வந்து 17 வருடம். இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். வலது கண்ணில் புரை முற்றி, ஆள் நடமாட்டம் மட்டும்தான் தெரிகிறது. ஊரில் நடந்த முகாமில் வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் என்றார்கள். பிறகு சர்க்கரை 318 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இடது கண்ணிலும் பாதிப் புரை, பார்வை 6/24, ரெட்டினாவில் நீர் கோத்திருக்கிறது, ஸ்கேனில் 412, முதலில் மாதம் ஒரு ஊசி போட வேண்டும் என்கிறார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 10.4. ஒரே ஆபரேஷனில் புரையையும் ரெட்டினாவையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாதா? சொந்தக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் செய்து, கேஸ் வைத்து, குப்புறப் படுக்கச் சொன்னார்கள். 45,000 ரூபாய் மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்கிறார்களே, வைக்கலாமா? வெயில் காலத்தில் கண் ஆபரேஷன் கூடாது, தை வரட்டும் என்கிறார் பெரியம்மா. அழகர் ஆற்றில் இறங்க இன்னும் 7 வாரம் இருக்கிறது. அம்மா போயே ஆக வேண்டும் என்கிறார். அப்பாவுக்கும் 74 வயது, புரை இருக்கிறது, சிறுநீர்ப் பிரச்சினைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?"

பதில்:

முகாமில் சொன்னதும் சரி, ரெட்டினா டாக்டர் சொன்னதும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு கண்ணைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் முதலில். இடது கண்ணுக்கு ஊசி முதலில், புரை பிறகு. இரண்டு வேலையையும் இந்த மாதமே தொடங்கலாம். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

இடது கண்ணை எடுத்துக்கொள்வோம், சிக்கல் அங்கேதான். ஊரில் "நரம்புல நீர் கோத்திருக்கு" என்று சொல்வது மாக்குலா வீக்கத்தை. மாக்குலா என்பது ரெட்டினாவின், அதாவது விழித்திரையின், நடுப்பகுதி. எழுத்துப் படிப்பதும், எதிரில் வருபவர் முகம் தெரிவதும், அரிசியில் கல் பொறுக்குவதும் அதனால்தான். 412 என்பது, ரெட்டினாவின் அடுக்குகளை வெளிச்சத்தால் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் அந்த இடத்தின் தடிமன், மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில். நல்ல கண்ணில் இது சுமார் 250 இருக்கும். பல வருடச் சர்க்கரையால் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் இற்றுப்போய், ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து அங்கே தேங்கியிருக்கிறது.

இந்த நிலையில் புரையை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், புரை அறுவையே கண்ணுக்குள் ஓர் அழற்சியைக் கிளப்பும். அது கசிவை மேலும் கூட்டும். சர்க்கரை இல்லாதவர்களுக்கே சிலருக்கு 4 முதல் 6 வாரத்தில் மாக்குலா வீங்குவதுண்டு. ஏற்கெனவே வீங்கிய மாக்குலா இன்னும் மோசமாகும். "ஆபரேஷன் பண்ணி முதல் வாரம் டிவி பளிச்சுன்னு தெரிஞ்சுது, ஒரு மாசத்துல பழையபடி மங்கிருச்சு, லென்ஸ் சரியில்ல" என்று குடும்பங்கள் குறைபட்டுக்கொள்வதில் பெரும்பங்கு இதுதான். லென்ஸ் ஒரு பாவமும் அறியாது.

வீக்கத்தை முதலில் வடிய வைக்க இன்னொரு காரணமும் உண்டு, அதிகம் பேசப்படாதது. உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, கண்ணின் நீளத்தை அளக்கிறார்கள். சராசரிக் கண் 23.5 மில்லிமீட்டர். இதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவரில் இரண்டரை, மூன்று பாயின்ட் பிசகும். ஒலி அலை வைத்து அளக்கும் ஏ-ஸ்கேன், வீங்கிய ரெட்டினாவின் மேல்பரப்பையே கண்ணின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும்; கண் உண்மையைவிடக் குட்டையாகத் தெரியும். அம்மாவின் கண்ணில் அந்த வித்தியாசம் கால் முதல் அரை பாயின்ட் வரை போகலாம். பெரிய தவறு இல்லைதான். ஆனால் வீக்கம் வடிந்தபின் அளந்தால் வராத தவறு.

இனி அந்த ஊசி. கண்ணில் ஊசி என்றதும் பாதிப் பேர் அடுத்த முறை வருவதில்லை, அதனால் விவரமாகவே சொல்கிறேன். மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுவார்கள். 5 சதவீதப் போவிடோன் அயோடின் விட்டுச் சில நிமிடம் காத்திருப்பார்கள். இந்தப் பழுப்பு மருந்துதான் கிருமித் தொற்றுக்கு முதல் காவல், எரிந்தாலும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கருவிழி ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைவிழி வழியாக, முடிபோல மெல்லிய ஊசியில் 0.05 மில்லி மருந்து. ஏறக்குறைய ஒரு சொட்டு. குத்தும் வேலை சில விநாடிதான். மறுநாள் வெள்ளைவிழியில் ரத்தத் திட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம், பத்துப் பதினைந்து நாளில் தானே மறையும்.

முதலில் மாதம் ஒன்றாக 3 ஊசி, சில சமயம் 5. ஒவ்வொரு முறையும் ஸ்கேன் பார்த்து, வீக்கம் எந்த அளவு வடிகிறது என்பதை வைத்து அடுத்தது முடிவாகும். முதல் வருடத்தில் 8, 9 வரை போகலாம். இரண்டாம் வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறையும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு பணத்துக்கும் பஸ்ஸுக்கும் திட்டமிடுங்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து வருபவர்களின் ரெட்டினாவில் வீக்கம் மட்டுமல்லாமல் தழும்பும் விழுந்திருக்கலாம். அதன் பிறகு எந்த ஊசியும் பழைய பார்வையைக் கொடுக்காது.

எந்த மருந்து? பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்று மூன்று பெயர் அடிக்கடி காதில் விழும். முதலாவது குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. ஒரு பெரிய குப்பியைச் சிறுசிறு ஊசிகளாகப் பிரித்துப் போடுவதால் விலை மிகக் குறைவு. மற்ற இரண்டும் கண்ணுக்கென்றே வந்தவை, விலை பல மடங்கு. மூன்றையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. பார்வை லேசாகக் குறைந்தவர்களுக்கு மூன்றும் ஒன்றுபோலவே வேலை செய்தன. 6/15 அல்லது அதைவிட மோசமாக இருந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அஃப்லிபெர்செப்ட் ஒரு படி மேலாக இருந்தது. அம்மாவுக்கு 6/24, அதைவிடக் குறைவு (கீழ் எண் கூடினால் பார்வை குறைவு என்று பொருள்). ஆனால் அந்த 6/24-ல் புரையின் பங்கும் இருக்கிறது, முழுவதும் ரெட்டினாவின் குற்றம் இல்லை. தவிர 2022-ல் வெளியான இன்னோர் ஆய்வில், விலை குறைந்ததில் தொடங்கி, போதிய பலன் இல்லாவிட்டால் மட்டும் விலை உயர்ந்ததற்கு மாறியவர்களும், இரண்டு வருடக் கடைசியில் ஏறக்குறைய அதே பார்வையைப் பெற்றிருந்தார்கள். பணம் இறுக்கமான குடும்பத்துக்கு என் வாக்கு அந்த வழிக்குத்தான். ஒன்றை மட்டும் தயங்காமல் கேளுங்கள்: குப்பியை எங்கே, எப்படிப் பிரிக்கிறார்கள்? மருந்து நல்லதாக இருந்தும், பிரித்த இடத்தில் சுத்தம் இல்லாததால் ஒரே நாளில் பல பேருக்குக் கண்ணில் சீழ் பிடித்த சம்பவங்கள் உண்டு. ஸ்டென்ட் வைத்ததையும் சொல்லிவிடுங்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டதால் அது தடை இல்லை. கடந்த மூன்று மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் யோசிப்பார்கள்.

வீக்கம் வடிந்து, புரை மட்டுமே தடை என்று தெளிவானதும் இடது கண் ஆபரேஷன். பொதுவாக மூன்றாவது ஊசிக்குப் பிறகு பேசலாம். புரை அடர்ந்து ஸ்கேனே எடுக்க முடியாமல் போனால், ஆபரேஷன் மேசையிலேயே ஊசியையும் சேர்த்துப் போடுவது உண்டு.

வலது கண்ணுக்கு வருவோம். அங்கே புரை கதவைச் சாத்திவிட்டது. ரெட்டினா டாக்டராலும் உள்ளே பார்க்க முடியாது. எனவே எடுப்பதற்கு முன்பே, உள்ளே எது மிஞ்சியிருக்கிறது என்று மறைமுகமாக அறிய வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவிக்கு முன்னால் ஒரு டார்ச் லைட் போதும். இருட்டறையில் வெளிச்சத்தை மேலே, கீழே, மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என்று நாலு திசையிலிருந்தும் காட்டி, எங்கிருந்து வருகிறது என்று அம்மாவைக் கேட்பார்கள். நான்கையும் சரியாகச் சொன்னால் ரெட்டினா பெரும்பாலும் இடத்தில் இருக்கிறது. அடுத்து, டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்கு மாற்றி மாற்றி ஆட்டுவார்கள். வெளிச்சம் வலது கண்ணுக்கு வந்ததும் கண்பாப்பா (கருவிழியின் நடுவில் தெரியும் கறுப்புத் துளை) சுருங்காமல் விரிந்தால், அது கெட்ட செய்தி. புரை எவ்வளவு முற்றினாலும் இப்படிச் செய்யாது. ரெட்டினாவோ பார்வை நரம்போ பெரிதாகக் கெட்டிருந்தால்தான் வரும். அப்படி வந்தால் ஆபரேஷன் செய்தாலும் பார்வை கொஞ்சம்தான் திரும்பும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். இந்தச் சோதனை கண் விரிய மருந்து விடுவதற்கு முன் நடக்க வேண்டும், விட்டபின் பயனில்லை. கூடவே பி-ஸ்கேன்: மூடிய இமைமேல் ஜெல் தடவி எடுக்கும் ஒலி ஸ்கேன். ரெட்டினா பிரிந்திருக்கிறதா, உள்ளே ரத்தக் கசிவு இருக்கிறதா என்று காட்டும். மாக்குலா வீக்கத்தைக் காட்டாது. இடது கண்ணில் இருப்பதைப் பார்த்தால், வலதிலும் வீக்கம் இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே ஆபரேஷனுக்குப் போக வேண்டும். முடிந்த ஒரு வாரத்துக்குள் ரெட்டினாவை விரித்துப் பார்த்து ஓ.சி.டி. எடுக்கச் சொல்லுங்கள். "புரை எடுத்தாச்சு, வேலை முடிஞ்சுது" என்று இந்த இடத்தில்தான் பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

வலது கண்ணைத் தை மாதம் வரை போடவே கூடாது. புரை என்பது கண்ணின் சொந்த லென்ஸ் மங்கிப்போவதுதான்; மிக முற்றிய அந்த லென்ஸிலிருந்து புரதம் கசிந்தோ, லென்ஸ் உப்பியோ, கண் அழுத்தம் திடீரென எகிறலாம். ராத்திரியில் கண்வலி, ஒருபக்கத் தலைவலி, வாந்தி. வீட்டில் பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்து இரண்டு நாள் போகும். அதற்குள் பார்வை நரம்பு கருகிவிடும். இன்னொன்று, பழுத்துப் பழுப்பாகி இறுகிப்போன லென்ஸை உடைக்க அதிக அல்ட்ராசவுண்ட் சக்தி தேவைப்படும். அது கருவிழியின் உட்புற செல்களைக் கொல்லும், அவை திரும்ப வளராது.

அதனால்தான் இத்தகைய கண்ணுக்கு 2.8 மில்லிமீட்டர் துளையில் அல்ட்ராசவுண்டால் லென்ஸை உடைத்து உறிஞ்சும் ஃபேகோவுக்குப் பதில், 6 முதல் 7 மில்லிமீட்டர் சுரங்கப் பாதை வெட்டி லென்ஸை முழுதாக வெளியே எடுக்கும் முறையை டாக்டர் சொல்லக்கூடும். தையல் இல்லை, பாதை தானே மூடிக்கொள்ளும். "மெஷின் இல்லாத ஆபரேஷன்" என்று அதை இரண்டாந்தரமாக நினைக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. கல்லாக இறுகிய புரைக்கு, கைதேர்ந்தவர் செய்தால், அதுவே பாதுகாப்பு.

"முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அப்போது லென்ஸை எடுத்துவிட்டு உள்ளே எதுவும் வைக்காமல் அனுப்புவார்கள். +10 பவரில் சோடாப்புட்டிக் கண்ணாடி போட வேண்டும். அதோடு ஒப்பிட்டால் பாதிப் புரையே தேவலை. கண்ணுக்குள் செயற்கை லென்ஸை முதன்முதல் 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி வைத்தார். அது நம் ஊர் ஏழைக்கு எட்ட வெகுகாலம் ஆனது. மதுரையில் 1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் என்ற தன் நிறுவனம் மூலம் இங்கேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் விலை சாதாரண ஆட்களின் கைக்குள் வந்தது. காரணம் போய்விட்டது, சொலவடை மட்டும் நிற்கிறது.

சேர்த்துச் செய்யும் ஆபரேஷன் பற்றி. உங்கள் சொந்தக்காரருக்குச் செய்தது அநேகமாக மாக்குலாவில் ஓட்டைக்காகவோ, ரெட்டினா பிரிந்ததற்காகவோ இருக்கும். கண்ணின் உள்ளே இருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லை மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய்களால் வெட்டி எடுத்து, ரெட்டினாவை அழுத்திப் பிடிக்க வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவார்கள். ஐம்பது அறுபது தாண்டியவர்களுக்கு இந்த அறுவைக்குப் பிறகு ஓரிரு வருடத்தில் புரை முற்றுவது ஏறக்குறைய நிச்சயம் என்பதால், புரையையும் சேர்த்தே எடுப்பது நியாயமான முடிவு. அம்மாவுக்கு இப்போது அது தேவையில்லை. வெறும் கசிவு வீக்கத்துக்குக் கத்தி வேண்டாம், ஊசி போதும். உள்ளே ரத்தம் கசிந்து வடியாமல் நின்றால், அல்லது சவ்வு வளர்ந்து ரெட்டினாவை இழுத்தால் மட்டும் அந்தப் பேச்சு வரும். அப்போதும், சர்க்கரைக் கண்ணில் இரண்டையும் ஒரே நாளில் செய்தால் அழற்சி அதிகம் என்பதால் சில டாக்டர்கள் பிரித்தே செய்வார்கள்.

வாயு வைத்தவர்கள் வீட்டில் இருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் ஆகும். அதுவரை விமானம் கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலையேறக் கூடாது என்பது தெரிவதில்லை. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் இரண்டு மணி நேரத்துக்குள் காற்றழுத்தம் குறைந்து, கண்ணுக்குள் இருக்கும் வாயு ஏறத்தாழ கால் பங்கு விரியும். கண்ணோ விரியாது. அழுத்தம் கூடி, பார்வை நரம்புக்கு ரத்தம் நின்று, மலையிறங்குவதற்குள் பார்வை போகலாம். மூணாறும் அப்படித்தான். வேறு ஏதாவது ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடும் இதையே செய்யும்.

மல்டிஃபோகல் லென்ஸ் வேண்டாம். அது வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. நல்ல மாக்குலா அந்தக் குறைந்த பங்கை வைத்துச் சமாளிக்கும். வீங்கிய மாக்குலாவுக்கு முழு வெளிச்சம் கொடுத்தாலே போதவில்லை. ஒரே தூரத்துக்குக் கூர்மையாகக் காட்டும் சாதாரண மோனோஃபோகல், மடிக்கும் அக்ரிலிக் லென்ஸ் போதும். சிலிக்கானால் ஆன லென்ஸ் மட்டும் கூடாது, பின்னால் எண்ணெய் நிரப்ப நேர்ந்தால் அதில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். படிக்கக் கண்ணாடி தேவைப்படும். மிச்சமாகும் பணத்தை ஊசிக்கு வையுங்கள்.

சர்க்கரை 318-ல் திருப்பி அனுப்பியது சரிதான். பல இடங்களில் 200-க்கு அருகில் வரட்டும் என்பார்கள். ஆனால் பயத்தில் மாத்திரையும் பட்டினியும் சேர்த்து அவசர அவசரமாக எச்.பி.ஏ.1.சி.யை 10.4-லிருந்து 7-க்கு இறக்கிவிடாதீர்கள். நீண்ட நாள் உயரத்தில் இருந்த சர்க்கரை சட்டென்று விழுந்தால், ரெட்டினா தற்காலிகமாக மோசமாவது அறிந்த விஷயம். சர்க்கரை டாக்டரிடம் "கண்ணுக்கு ஆபரேஷன் இருக்கு, மெதுவாக இறக்குங்கள்" என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டில் பயோகிளிட்டசோன் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். உடம்பில் நீர் தேக்கும் மருந்து அது, மாக்குலா வீக்கத்துக்கு ஆகாது, மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ரத்த அழுத்தம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின் மூன்றும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தாலும், ரத்தச் சோகை இருந்தாலும் வீக்கம் வடிய மறுக்கும்.

ஸ்டென்ட் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. கண்ணில் ஒரு ரத்தத் திட்டு வந்தால் கரைந்துவிடும், ஸ்டென்ட் அடைத்தால் உயிர் போகும். மரத்துப்போகும் ஊசிக்குப் பதில் சொட்டு மருந்திலேயே செய்வதா, வேறு வழியா என்று டாக்டர் முடிவு செய்வார். காலில் ஆறாத புண், பல்லில் சீழ், கண்ணோரம் அழுத்தினால் வழிவது, இவற்றில் எது இருந்தாலும் முன்பே சொல்லுங்கள். கண்ணீர்ப் பாதையில் தண்ணீர் செலுத்திப் பார்ப்பது இந்தக் கடைசிக்குத்தான்; அங்கே சீழ் இருக்கக் கண்ணைத் திறப்பது கிருமிக்குக் கதவு திறப்பது. முந்தைய நாளே தலைக்குக் குளிக்க வைத்துவிடுங்கள். காலையில் சாப்பிடலாமா, சர்க்கரை மாத்திரை போடலாமா என்பதை எழுதி வாங்குங்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்து, வரிசையிலேயே மயங்குபவர்கள் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஊசிக்கு உண்டா, அறுவைக்கு உண்டா என்று முதல் நாளே கவுண்டரில் விசாரியுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது.

ஆபரேஷன் பத்து, இருபது நிமிட வேலை. முடிக்கும்போது கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை விடுகிறார்களா என்று கேட்கலாம். அரவிந்த் மருத்துவமனைகளின் 6 லட்சம் அறுவைகளைப் பார்த்த, 2017-ல் வெளியான ஆய்வில், அது விடாதபோது 10,000-க்கு 7 என்றிருந்த உட்கண் தொற்று, விட்டபோது 2 ஆகக் குறைந்திருந்தது.

மீதி உங்கள் கையில். ஸ்டீராய்டு சொட்டு முதல் வாரம் 6 வேளை, பிறகு வாரத்துக்கு ஒரு வேளையாகக் குறைத்து 6 வாரம் என்பது பரவலான கணக்கு. ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு பால்போல இருக்கும், மருந்து அடியில் தங்கிவிடும். நன்றாகக் குலுக்காமல் விட்டால் முதல் பாதி பாட்டிலில் வெறும் தண்ணீரும், கடைசியில் மருந்தும் போகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வீக்கம் தடுக்கும் நெபாஃபெனாக் போன்ற சொட்டை இரண்டு மாதம் வரை தொடரச் சொல்வார்கள். கண் தெளிவாக இருக்கிறதே என்று அதை நிறுத்தக் கூடாது. அம்மாவைப் படுக்க வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை இழுத்தால் ஒரு சிறு பை உண்டாகும். அதில் ஒரே சொட்டு. இரண்டு விட்டால் இரண்டாவது கன்னத்துக்குத்தான். பாட்டில் முனை இமையில் படக் கூடாது. கண்ணை மூடி மூக்கோரம் ஒரு நிமிடம் விரலால் அழுத்தினால் தொண்டைக்குக் கசப்பு இறங்காது. அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. ஒரு மாதத்தில் கண் அழுத்தம் பார்த்தே தீர வேண்டும். ஸ்டீராய்டு சிலருக்கு அதை வலியில்லாமல் ஏற்றிவிடும்.

முதல் வாரத்தில் வலி, சிவப்பு, பார்வை மங்கல் சேர்ந்து வந்தால் அன்றைக்கே கிளம்புங்கள், கடைசிப் பஸ்ஸானாலும். அது உட்கண் தொற்றாக இருந்தால், கண்ணுக்குள் வான்கோமைசினும் செஃப்டாசிடைமும் போடுவதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. திடீரெனக் கொசு பறப்பதுபோல் நிறையப் புள்ளிகள், மின்னல் வெட்டு, ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்குவது: இது ரெட்டினா பிரிவதன் அடையாளம், மாதங்கள் கழித்தும் வரலாம், வலிக்காது. மாறாக, ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து மெல்ல மங்கினால் பெரும்பாலும் லென்ஸின் பின்னால் படியும் சவ்வு. யாக் லேசரில் சில நிமிடத்தில் சரியாகும். ஆனால் அம்மாவுக்கு அதற்கு முன் ஓர் ஓ.சி.டி. எடுக்க வேண்டும். குற்றம் சவ்வினுடையதா, மாக்குலாவினுடையதா என்று தெரியாமல் லேசர் வேண்டாம்.

பெரியம்மாவிடம் சொல்லுங்கள், வெயிலுக்கும் கண் ஆபரேஷனுக்கும் பகை இல்லை. அக்னி நட்சத்திரத்திலும் இங்கே தினமும் நடக்கிறது. வியர்வை கண்ணில் வழியாமல் துடைத்துக்கொண்டால் போதும். எனக்குக் கவலை வெயில் அல்ல, அழகருக்குப் பீய்ச்சும் தண்ணீர். தோல்பையில் நாள் கணக்கில் கிடந்த தண்ணீர், விசையோடு முகத்தில் அடிக்கும். கூடவே நெரிசலில் முழங்கை. ஏழு வாரத்தில், இரண்டு வாரத்துக்குள் வலது கண்ணை முடித்துவிட்டால் அழகர் இறங்கும்போது ஐந்து வாரம் ஆகியிருக்கும். புண் ஆறியிருக்கும், டாக்டர் பார்த்துச் சரி என்றால் போகட்டும். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி போட்டு, ஆற்றுக்குள் இறங்காமல், மண்டகப்படி ஒன்றில் திண்ணையோரமாக உட்கார்ந்து தரிசிக்கட்டும். சர்க்கரை இறங்காமல் ஆபரேஷன் தள்ளிப்போய், அழகர் வரும்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை என்றால் இந்த வருடம் டிவியில்தான். இடது கண் ஊசிக்கு இந்தக் கணக்கு இல்லை, நாலைந்து நாள் தண்ணீர் படாமல் இருந்தால் போதும்.

அப்பா சாப்பிடும் சிறுநீர் மாத்திரை டாம்சுலோசினாகவோ சிலோடோசினாகவோ இருந்தால், புரை ஆபரேஷன் செய்பவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அந்த மருந்து பாப்பாவைச் சுற்றியுள்ள சவ்வின் தசையைத் தளர்த்திவிடும். ஆபரேஷன் நடுவில் அது நனைந்த துணிபோல் அலைந்து, பாப்பா சுருங்கி, லென்ஸ் பை கிழியும் வாய்ப்பு கூடும். முன்பே தெரிந்தால் விரிய வைக்கும் மருந்தும், பிடித்து நிறுத்தும் சிறு வளையமும் கொக்கியும் தயாராக வைத்துக்கொள்வார்கள். மாத்திரையை ஒரு வாரம் நிறுத்துவதால் பயனில்லை, அதன் தாக்கம் நிறுத்திய பிறகும் வெகுநாள் இருக்கும். நிறுத்தினால் சிறுநீர் அடைப்பதுதான் மிச்சம்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேண்டாம். சொட்டு போட வீட்டில் ஒருவர்தான் இருப்பார், இரண்டு பேரின் பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்கும், மாறிப்போகும். அம்மாவின் வலது கண் முடிந்து ஒரு மாதம் கழித்து அப்பாவைக் கூட்டிப் போங்கள். அப்போது மாத்திரை அட்டையை முழுதாக, கத்தரிக்காமல் எடுத்துப் போங்கள். மருந்துக் கடையில் பாதி அட்டை வாங்கினால் பெயர் இருக்கும் பக்கம் பெரும்பாலும் கடைக்காரரிடமே நின்றுவிடும்.